எல்லைக்கு அப்பால் மருந்து அனுப்பிய வேந்தர்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ் அன்பர்களுக்கு எல்லை என்னும் சொல் புதியதன்று. தமிழகத்தின் வடபுறம் வேங்கடத்தோடு முடிகிறது என்று நம் முன்னோர் வரையறுத்தனர். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து ஆங்கில அரசினர் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். 1960-ஆம் ஆண்டு அதே ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு கோடுகள் இடம் பெயர்ந்துகொண்டே இருந்த இந்நிலத்துக்கு வடமேற்கே, சுமார் 160 மைல் தொலைவில், கர்நூல் மாவட்டத்து எர்ரகுடி என்னும் சிற்றூரின் அருகே சில பாறைகள் கிடக்கின்றன. எல்லைக்கு அப்பால் இருப்பவர்களை ஓர் அரசன் எவ்வாறு நடத்தவேண்டும் என்னும் கேள்விக்கு, ஏறத்தாழ 2,280 ஆண்டுகளுக்கு முன் மாமன்னர் அசோகர் தந்த விடை அப்பாறைகளில் இன்னும் இருக்கிறது. அவ்விடையைத் தந்தவரின் வாழ்க்கையை நம் அன்பர்கள் ஒருமுறை ஊன்றி நோக்குதல் நலம்.

அசோகர் மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். இளமையில் உஜ்ஜயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்று இலங்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஏறத்தாழ கி. மு. 268-இல் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்று அரியணை ஏறினார் என்று அந்நூல்கள் உரைக்கும் கதையை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் நியமித்த தம்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகள், தம் சகோதரர் சகோதரியரின் இல்லங்களிலும் பணியாற்றுவதாக அவரே பொறித்திருக்கிறார். தம்மத்தின் ஆற்றலை உயர்த்திக் காட்டுவதற்காகப் பழைய அசோகரை மிகக் கரியவராகத் தீட்டிவிட்டனர் என்றே தோன்றுகிறது. அதற்குத் தேவையும் இல்லை. அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்ட குற்றம் ஒன்றே போதும்.

அக்குற்றம் கலிங்கப் போர். முடிசூடிய எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கலிங்கத்தை வென்றார். 1,50,000 பேர் ஊர்விட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர்; 1,00,000 பேர் களத்தில் மாண்டனர்; அதைப் போலப் பன்மடங்கினர் பின்னர் இறந்தனர். இந்த எண்ணிக்கையைத் தோற்றவர் எழுதவில்லை, வென்றவரே எழுதினார். வென்றவர்கள் தாம் கொன்றவர்களின் தொகையைப் பெருமைக்காக எழுதுவது உலக வழக்கம். அதனை வருத்தத்துக்காக எழுதிய மன்னர் வேறொருவர் எனக்குத் தெரிந்தவரை இல்லை. மேலும், மாண்ட வீரர்களோடு அவர் கணக்கை முடிக்கவில்லை. களத்துக்கே வராத அந்தணரும் சிரமணரும், பெற்றோரைப் பேணி ஆசிரியரை மதித்து வேலையாட்களிடம் கனிவோடு வாழ்ந்த இல்லறத்தாரும் தம் அன்புக்குரியோரை இழந்து வருந்துவதையும் சேர்த்தே எண்ணினார்.

அதன்பின் அவர் உடனே உத்தமராகிவிட்டார் என்று நம் மேடைகளில் பேசக் கேட்கிறோம். அவர் தம்மைப் பற்றி அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை. எர்ரகுடியிலும், அதே மாவட்டத்து ராஜுல மண்டகிரியிலும், கருநாடகத்துப் பிரம்மகிரியிலும் காணப்படும் சிறு பாறைச் சாசனத்தில், தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றும், ஆயினும் முதல் ஓராண்டு ஊக்கமின்றி இருந்துவிட்டதாகவும், சங்கத்தை அணுகிய பிறகே தம்மிடம் முயற்சி பிறந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். திரிசரணம் சொல்லிப் பஞ்ச சீலம் ஏற்ற ஆண்டிலேயே தம் வாழ்வு முழுவதும் மாறிவிடவில்லையே என்று மனம் சோரும் புதிய உபாசகர் நம்மிடையே பலர் உண்டு. பேரரசரும் ஓராண்டைச் சோம்பலில் கழித்துவிட்டு, அதை நாடறியக் கல்லில் வெட்டுவித்தார் என்பதை அவர்கள் அறியவேண்டும். அதே சாசனம் இன்னொன்றும் சொல்கிறது. முயற்சியின் பயன் உயர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று. எளியோரும் முயன்றால் அதனைப் பெறலாம். நம் மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிசூடிப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர் போதிமரம் நின்ற இடத்துக்குச் சென்றார். அதுவரை அரசர்கள் வேட்டைக்காகப் புறப்பட்ட பயணங்கள், அதன் பிறகு தம்ம யாத்திரைகளாயின. அரசியலில் அவர் செய்த மாறுதல்களில் சிலவற்றையாவது இங்குக் கூறவேண்டும். உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், உலாவும்போதும் குடிகளின் காரியத்தைத் தமக்கு உடனே அறிவிக்கலாம் என்று ஆணையிட்டார். தாம் செய்யும் உழைப்பனைத்தும் உயிர்களுக்குத் தாம் பட்ட கடனைத் தீர்ப்பதற்கே என்பது அவர் கொள்கை. அரசன் குடிகளுக்குக் கடன்பட்டவன் என்பது அக்காலத்தில் எளிதில் சொல்லக்கூடிய சொல்லன்று. நீதி விசாரணையிலும் தண்டனையிலும் எல்லோர்க்கும் ஒரே அளவு வேண்டும் என்று தம் அதிகாரிகளைப் பணித்தார். குலத்துக்கொரு தண்டனை வகுத்த மனுவின் நூலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு, இவ்வொரு வரி ஆணையின் எடை விளங்கும்.

கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள தனிச் சாசனங்கள் அதிகாரிகளின் மனத்தையே ஆராய்கின்றன. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு ஆகியவற்றால் ஓர் அதிகாரி குற்றமற்றவனைச் சிறையில் இடவும் துன்புறுத்தவும் நேர்கிறது என்று அவர் எச்சரித்தார். களைப்பு என்பதையும் இப்பட்டியலில் சேர்த்திருப்பதை நோக்குக. கொடியவனால் மட்டுமன்று, களைத்துப்போன அதிகாரியாலும் ஏழை வதைபடுவான் என்பதை அறிந்திருந்தவர் அவர். ஆட்சியை உள்ளிருந்து பார்த்தவர்க்கே இது தெரியும்.

இனி எல்லைக்கு வருவோம். மௌரியப் படை தெற்கே வந்ததைத் தமிழர் மறக்கவில்லை. மாமூலனார் அகநானூற்றுப் பாடல்களில் மோரியரைக் குறிப்பிடுகிறார். புறநானூற்றில், வேங்கட நாட்டுத் தலைவனாகிய ஆதனுங்கனைப் பாடிய கள்ளில் ஆத்திரையனார், மோரியரின் தேர்ச் சக்கரம் உருளுவதற்காக மலையை வெட்டிய செய்தியை உவமையாக எடுத்தாளுகிறார். அங்கு மோரியர் என்பதற்கு வேறு பொருள் கொண்ட பழைய உரையும் உண்டு. எனினும் மகதத்து மௌரியரே என்பது அறிஞர் பலரின் துணிபு. அப்படியாயின், வேங்கடத்துத் தமிழர் மௌரியரை முதலில் அறிந்தது மலையை வெட்டிவந்த தேர்களாகத்தான். அவர்களுக்கு அச்சம் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அந்த அச்சத்தை அசோகர் அறிந்திருந்தார். தாம் வெல்லாத எல்லைப்புற மக்கள் தம்மைக் குறித்து என்ன எண்ணுவரோ என்னும் கவலை கலிங்கத்துத் தனிச் சாசனம் ஒன்றில் வெளிப்படுகிறது. அவர்கள் தம்மிடம் அஞ்சவேண்டியதில்லை என்றும், தம்மிடமிருந்து துன்பமன்றி இன்பமே பெறுவர் என்றும், தந்தையிடம் பிள்ளைகள் நம்பிக்கை வைப்பதுபோல் அவர்கள் தம்மை நம்பவேண்டும் என்றும் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார்.

ஆனால் நம்பிக்கை சொல்லால் வருமா? பேரரசின் வாய்ச்சொல்லை எந்தச் சிறு நாடு நம்பும்? இதற்கு விடையாக நிற்பது இரண்டாம் பாறைச் சாசனம். தம் நாடு முழுவதிலும், எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி என்னும் இலங்கை வரையிலும், மேற்கே யவன அரசன் அந்தியோகன் நாட்டிலும் அவனுக்கு அண்டை அரசர்களின் நாடுகளிலும் இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததாக அதில் அறிவிக்கிறார். ஒன்று மக்களுக்கு, மற்றொன்று விலங்குகளுக்கு. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றை வருவித்து நடச் செய்தார். கிழங்குகளையும் கனிமரங்களையும் அவ்வாறே நடுவித்தார். வழிகளில் கிணறுகள் தோண்டி மரங்கள் வைத்தார்.

அசோகர் உலகின் முதல் மருத்துவமனைகளைக் கட்டினார் என்று சிலர் எழுதுவதுண்டு. சாசனத்தில் மருத்துவமனை என்ற சொல் இல்லை. மருத்துவம் என்பதே உண்டு. மிகைப்படுத்தினால்தான் அவர் பெரியவராவார் என்பதில்லை. பாடலிபுத்திரத்தில் ஏழை நோயாளிகளுக்கான தரும வைத்திய சாலைகளைச் சீனத் துறவி பாஹியான் கண்டது அசோகருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே. எனக்கு இச்சாசனத்தில் பெரிதாகத் தோன்றுவது வேறு. மருந்தைப் பொட்டலமாக அனுப்பினால் அது தீர்ந்தவுடன் மறுபடியும் அனுப்பியவனிடமே கையேந்தவேண்டும். செடியை அனுப்பினால் அது பெற்றவன் மண்ணில் வேரூன்றிவிடும். பிறகு கொடுத்தவன் தயவு தேவையில்லை. பிறரைத் தன்பால் கட்டிவைக்க விரும்பும் அரசியல்வாதி செடியைக் கொடுக்கமாட்டான்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, அவர் பிறர்க்குப் பணி செய்யாதவர் என்று மற்றப் பிக்குகள் கைவிட்டிருந்தபோது, பகவான் புத்தரே ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார் என்று விநயம் கூறுகிறது. நமக்கு என்ன செய்தான் என்று கேட்டு நோயாளியைப் பேணுவது வணிகம். சோழரும் பாண்டியரும் அசோகருக்கு வரி செலுத்தியவர் அல்லர். விலங்குகளோ எந்நாளும் எவர்க்கும் நன்றி எழுதப்போவதில்லை. கைம்மாறு கிடைக்காத இவ்விருவரையும் அவர் மருத்துவத்தில் சேர்த்தார். சித்த வைத்தியராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்ட நம் அயோத்திதாசப் பண்டிதரும் இவ்வழியில் வந்தவரே.

சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. 1981-இல் திருக்கோவலூர் வட்டத்து ஜம்பை என்னும் ஊரில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்று அழைத்து, அவன் துறவியர்க்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைக் கூறுகிறது. இதனால் சத்தியபுத்திரர் என்போர் தகடூர் அதியமான் குடியினரே என்பது தெளிவாயிற்று. தகடூர் இன்றைய தருமபுரி. குப்பத்தில் வாழும் நம்மவர்க்கு அண்டை வீடு. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த குடி அது. அசோகரின் மருந்துச் செடிகள் அவர்கள் மண்ணில் வேரூன்றியதா என்பதற்குக் கொடுத்தவர் சாட்சி மட்டுமே உண்டு. பெற்றவர் சாட்சியாக ஒரு தமிழ் வரியும் கிடைத்திலது. பேரரசர்கள் நன்மை செய்வதில் செல்வாக்குத் தேடும் நோக்கமும் கலந்திருக்கும் என்று ஐயுறுவோர் கூற்றையும் தள்ளிவிட முடியாது. தம்மத்தால் பெறும் வெற்றியையும் அவர் வெற்றி என்றுதானே அழைத்தார்.

கலையிலும் அவர் நிலத்தோடு இணங்கியே வேலை செய்தார். தேருக்காக மலையைப் பிளந்த கைகளே இப்போது பாறையை அது கிடந்த இடத்திலேயே விட்டு, அதன் முகத்தில் எழுத்தை மட்டும் வெட்டின. தௌலியில் பாறையின் உச்சியில் ஒரு யானையின் முன்னுடல் கல்லிலிருந்து வெளிவருவதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னுடல் மலைக்குள்ளேயே இருக்கிறது. கீழே கலிங்கரை வென்ற நிலம். போர் யானைகள் மிதித்த நாட்டில் அவ்வுருவம் மிரட்டாமல் அமைதியாக நிற்கிறது. வடநாட்டில் சுனார்க் கல்லால் 40 முதல் 50 அடி உயரத்தில் தூண்கள் நிறுத்தினார். சாரநாத் தூணின் நான்கு சிங்கங்கள் 1950-இல் குடியரசின் சின்னமாயின என்பதை யாவரும் அறிவர். பராபர் மலையில் கண்ணாடிபோல் மெருகிட்ட குகைகளை அவர் பௌத்தர்க்கு அன்று, ஆசீவகர்க்கே அளித்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

குறைகளையும் சொல்லவேண்டும். கலிங்கத்துக்காக வருந்தியவர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வருத்தத்தைச் சொல்லும் பதின்மூன்றாம் சாசனம் எர்ரகுடியில் இருக்கிறது, கிர்நாரில் இருக்கிறது. கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் மட்டும் இல்லை. அங்கு அதனை விடுத்து வேறு சாசனங்களைப் பொறித்தார். துன்புற்றவர்களின் கண்முன்னே மன்னிப்புக் கேட்கும் துணிவு அவருக்கும் வரவில்லை போலும். அல்லது ஆறாத புண்ணைக் கீற வேண்டாம் என்று எண்ணினாரோ! நான் முன்னதையே நம்புகிறேன். அதே சாசனத்தில் காட்டுவாழ் மக்களை, இரங்கும் மன்னருக்குத் தண்டிக்கும் ஆற்றலும் உண்டு என்று எச்சரிக்கவும் செய்தார். மரண தண்டனையை ஒழிக்கவில்லை; தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை கொடுத்தார், அவ்வளவே. அடிமைகளிடமும் வேலையாட்களிடமும் நல்லபடி நடக்கச் சொன்னாரேயன்றி அடிமைத்தனத்தை நீக்கவில்லை. அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொன்றதை இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைத்தபோது, அம்மூன்றும் இன்னும் விடப்படவில்லை என்பதையும் தாமே எழுதிவைத்தார்.

அவருடைய இறுதி நாட்களைப் பற்றிச் சாசனம் ஏதும் இல்லை. அசோகாவதானம் என்னும் வடமொழி நூலின் கதையே உண்டு. முதுமையில் நோயுற்றிருந்த அவர் கருவூலத்தையெல்லாம் சங்கத்துக்கு ஈந்துவிடுவார் என்றஞ்சிய அமைச்சர்கள் அவர் ஆணைகளைத் தடுத்தனர். பொற்கலத்தில் உணவளித்தால் கலத்தையே தானம் செய்தார். அடுத்தடுத்துத் தாழ்ந்த கலங்களில் உணவு வந்தது. முடிவில் அவர் கையில் எஞ்சியது பாதி நெல்லிக்கனி. அதனைக் குக்குடாராமத்துப் பிக்குகளுக்கு அனுப்பினார். அவர்கள் அதை அரைத்துக் கஞ்சியில் கலந்து, சங்கத்தார் எல்லோர்க்கும் சேரும்படி பரிமாறினர் என்பது கதை. ஏறத்தாழ கி. மு. 232-இல் அவர் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குள் மௌரிய அரசும் படைத்தலைவன் புஷ்யமித்திரன் கையால் முடிந்தது.

அவர் எழுத்துக்களைப் படிப்பாரும் இல்லாமற் போயினர். கி. பி. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நகரின் அருகே அசோகர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட நூறடி உயரமான ஸ்தூபி ஒன்றைக் குறித்துவைத்தார். அதுவும் இன்று இல்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். கல்வெட்டுகளின் பியதசி மன்னர் அசோகரே என்பதை இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைக்கொண்டு காட்டினார். 1915-இல் மாஸ்கியில் அசோகர் என்ற பெயரே பொறித்த கல் கிடைத்தது. எர்ரகுடிப் பாறைகளை 1929-ஐ ஒட்டி நிலவியல் அறிஞர் ஒருவர் கண்டு வெளிப்படுத்தினார்.

நம் சங்கத்து இளைஞர்கள் அங்குச் செல்ல விரும்பினால், இரேணிகுண்டாவிலிருந்து கடப்பை, தாடிபத்திரி வழியாகப் போகும் இரயிலில் ஏறிக் குத்தியில் இறங்கவேண்டும். அங்கிருந்து எட்டு மைல் அளவே. வழியில் நந்தலூரை அடுத்துச் செய்யேற்றின் கரையில் பழைய பௌத்த விகாரத்தின் சிதைவுகளும் உண்டு. பாறைகளைக் காலையிலேயே காண்பது நல்லது. வெயில் சாய்ந்து விழும்போது எழுத்துக்களின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சி வேளையில் எல்லாம் ஒரே வெளிச்சமாகிவிடும். சிறு சாசனத்தில் சில வரிகள் இடமிருந்து வலமாகவும் அடுத்தவை வலமிருந்து இடமாகவும் ஓடுவதால் படிக்கச் சிறிது பழக்கம் வேண்டும். இரண்டாம் சாசனத்தில் அத்தகைய தொல்லை இல்லை. பிராமி எழுத்தில் ஒரு மாதம் பயின்றவரும் அதில் சோழர் பெயரைத் தாமே கண்டுகொள்ளலாம். அடுத்துப் பாண்டியர் வருவார், அதற்கடுத்துச் சத்தியபுத்திரர்.